தலைமடையும் கடைமடையும்: மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோளில் மருந்துப் பையும் கையில் இரத்த அழுத்தமானியுமாக வீடு வீடாகச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு,

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது முதல், மருத்துவமனைக்கு வர இயலாதோர், கூலியை விட்டுவிட்டு வர வழியில்லாதோர், வரவே மனமில்லாதோர் ஆகியோரின் வாசலில் அமர்ந்து அழுத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் உங்கள் அன்றாடப் பணியாக இருந்து வருகின்றன. அப்பணியில் தெருவுக்கு ஒரு வீட்டிலேனும் எதிர்ப்படும் கேள்வி ஒன்று உண்டு: "உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே, அப்புறம் எதுக்கும்மா மாத்திரை?" தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வயல்வேலையும் நூறு நாள் வேலையும் தடையின்றி நடக்கின்றன என்ற நிலையில், கருவி காட்டும் 160 என்ற எண்ணை ஒரு நோயாக ஏற்க ஒருவர் தயங்குவது இயல்பே. 'பின்னால் பக்கவாதம் வரும்' என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடை உண்மைதான் என்றாலும், அது விடையின் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சிய பகுதி மூளையின் ஆழத்தில், தலைமுடியைவிடச் சற்றே பருத்த இரத்தக் குழல்களுக்குள், எவ்வித வலியும் இல்லாமல் இருபது, முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் சேதத்தில் இருக்கிறது. மூளைத் திசுவுக்குத் தன் வலியைத் தானே உணரும் ஆற்றல் கிடையாது என்பதால், 'ஒன்றும் செய்யவில்லை' என்ற சொல் அந்த இடத்தைப் பொறுத்தவரை எதற்கும் சான்றாகாது. அந்த எஞ்சிய விடையைத் தன்னார்வலர்களின் கையில் சேர்ப்பதே இம்மடலின் நோக்கம்.

மூளையின் எடை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நாளைக்கென்று சேமித்து வைக்கும் வசதி அதற்கு மிகக் குறைவு. ஆகவே நொடிதோறும் இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழல்களுக்குத் தமனிகள் என்று பெயர். கழுத்தின் வழியே ஏறும் நான்கு பெருந்தமனிகள் மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. அங்கிருந்து பிரியும் கிளைகள் இருவகைப்பட்டவை. முதல்வகைக் கிளைகள் மூளையின் மேற்பரப்பெங்கும் படர்ந்து, படிப்படியாகச் சிறுத்து, இறுதியில் மேலிருந்து உள்நோக்கி மெல்லிய இழைகளாக இறங்குகின்றன. மற்றொரு வகையான ஊடுருவு தமனிகளோ, அடித்தளத்தில் உள்ள பெருங்குழல்களிலிருந்து நேரடியாக, ஏறக்குறையச் செங்கோணத்தில் கிளைத்து, மூளையின் நடுப்பகுதிக்குள் குத்திட்டு ஏறுகின்றன.

இந்த வேறுபாட்டை ஏரிப்பாசனம் அறிந்த ஊர்களில் விளக்குவது எளிது. மதகை ஒட்டிய தலைமடை வயலுக்கு ஏரியின் வேகம் குறையாமல் நீர் பாயும். அவ்வேகத்தில் வரப்பு அரிக்கும், மடைவாய் இடியும். வாய்க்கால், கிளைவாய்க்கால், ஓடுகால் என்று வளைந்து வளைந்து செல்லும் நீர் கடைமடைக்கு வந்து சேரும்போது வேகம் தணிந்திருக்கும்; கோடையில் வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அந்தக் கடைமடையாகவே இருக்கும். மூளையின் ஊடுருவு தமனிகள் தலைமடை நிலத்தில் இருப்பவை. பெருங்குழலின் அழுத்தம் தணிவதற்கு வேண்டிய தொலைவோ படிநிலைகளோ அவற்றுக்கு முன்னால் இல்லை. மேற்பரப்பிலிருந்து இறங்கும் நீண்ட இழைகள் சென்று முடியும் ஆழ்பகுதி கடைமடையைப் போன்றது. இவ்விரு வகைக் குழல்களுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு: ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழல் அதன் பகுதிக்கு இரத்தம் ஊட்டும் மாற்றுவழி ஏறத்தாழ இல்லை. உயர் இரத்த அழுத்தம் தலைமடையை அரிப்பதாலும், அதன் விளைவாகக் கடைமடையைக் காயவிடுவதாலும், ஒரே நோய் மூளையில் இரு வேறு வடிவங்களில் வெளிப்படுகிறது.

முதலில் குழலின் சுவரைக் கவனிக்க வேண்டும். சிறு தமனியின் சுவரில் வட்டமாகச் சுற்றிய தசையிழைகள் உண்டு. உள்ளே அழுத்தம் கூடினால் அவை சுருங்கும், குறைந்தால் தளரும். இப்பண்பை 1902-இல் ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் பேலிஸ் விவரித்தார். இதன் பயனாகவே, குனிந்தாலும் நிமிர்ந்தாலும், கோபப்பட்டாலும் உறங்கினாலும், மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு பெரிதும் மாறாமல் இருக்கிறது. இது தற்காலிக ஏற்றத்தைச் சமாளிக்க அமைந்த ஏற்பாடு. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் தசையும் ஆண்டுக்கணக்கில் இறுகியே இருக்க நேரிடுகிறது. இறுகிய தசை முதலில் தடிக்கிறது. சுவர் தடிக்கத் தடிக்க உள்வழி குறுகுகிறது. குழல் வழியே பாயும் நீர்மத்தின் அளவு அக்குழலின் ஆரத்தினது நான்காம் மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த விதியை இங்கே நினைவுகொள்வது தகும்: மற்றவை மாறாமல் உள்வழியின் அகலம் பாதியாகக் குறைந்தால், ஓட்டம் பாதியாக அன்று, பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மயிரளவுக் குழலில் ஏற்படும் சிறு குறுகலும் ஏன் அத்துணைப் பெரிய தீங்காகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த கட்டத்தில், ஓய்வின்றி இறுகியிருந்த தசையணுக்கள் மடிந்துபோக, அவை இருந்த இடத்தை நாரிழையும் கொழுப்பும் கண்ணாடி போன்ற பளபளப்பான புரதப் படிவும் நிரப்புகின்றன. குழலின் உட்பரப்பில் ஓடு பதித்தாற்போல் நெருங்கி அமைந்திருக்கும் மெல்லிய அணுப்படலம், இரத்தத்தில் உள்ள வேண்டாத பொருள்கள் மூளைக்குள் கசிந்துவிடாமல் காக்கும் தடுப்பாகும். அதுவும் இந்தக் கட்டத்தில் தளர்ந்து, இரத்தத்தின் புரதங்கள் சுவருக்குள்ளும் சுற்றியுள்ள திசுவுக்குள்ளும் ஊறத் தொடங்குகின்றன. இந்நிலையை அடைந்த குழல் சுருங்கவும் அறியாது, விரியவும் அறியாது. வெயிலில் கிடந்து விறைத்துப்போன பழைய தோட்டக் குழாயின் நிலைதான் அதற்கு. விறைத்த குழாய்க்கு வரக்கூடிய முடிவுகள் இரண்டே: உள்ளே தூர்ந்து அடைபடலாம், அல்லது பலவீனமான இடத்தில் வெடிக்கலாம்.

அடைபடுதல் பற்றிய அறிவு பிணக்கூறாய்வு மேசையில் பிறந்தது. மூளையின் ஆழத்தில் காணப்பட்ட சிறு பள்ளங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர்கள், சிறு குழி என்று பொருள்படும் 'லக்யூன்' என்னும் தம் மொழிச் சொல்லையே பெயராக வைத்தனர். 1901-இல் பாரிஸ் மருத்துவர் பியர் மரி, அக்குழிகள் பல சேர்ந்த முதியோர் தரையை உரசிக்கொண்டு குறுகிய அடிகளாக எடுத்து வைத்து நடப்பதை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்த இப்பொருளை மீட்டெடுத்தவர், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய கனடிய நரம்பியலாளர் சார்ல்ஸ் மில்லர் ஃபிஷர். 1965-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 1042 மூளைகளைச் சோதித்து அவற்றுள் 114 மூளைகளில் லக்யூன்களைக் கண்டதாகவும், அவற்றுக்குரியோர் ஏறத்தாழ அனைவரும் உயர் இரத்த அழுத்தம் உடையோராய் இருந்ததாகவும் பதிவு செய்தார். அதோடு நில்லாமல், குழியைச் சுற்றியுள்ள திசுவை மெல்லிய சீவல்களாக வரிசை பிறழாமல் வெட்டி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, குழிக்கு இரத்தம் கொண்டுவந்த குழலைப் பின்தொடர்ந்து சென்று, அது அடைபட்ட இடத்தைக் கண்ணால் கண்டார். மேலே சொல்லப்பட்ட சுவர்ச் சிதைவுக்கு அவர் இட்ட பெயர்தான் இன்றும் மருத்துவ நூல்களில் வழங்குகிறது. வரிசையாக நூற்றுக்கணக்கான சீவல்களைப் பொறுமையுடன் பார்த்த அந்த உழைப்பு இல்லையெனில், இன்று ஒரு மாத்திரைக்குச் சொல்லப்படும் காரணம் இத்துணை உறுதியாக இருந்திராது.

லக்யூன் என்பது பெரும்பாலும் 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள குழி, அதாவது சிறு மிளகின் அளவிலிருந்து புளியங்கொட்டையின் அளவு வரை. அதன் விளைவு அளவைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது. கைகால்களை இயக்கும் நரம்பிழைகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரந்து தொடங்கினாலும், கீழிறங்கும் வழியில் 'உள்ளுறை' எனப்படும் குறுகிய இடைவெளியில் ஒரே கட்டாக நெருங்கிச் செல்கின்றன. அக்கட்டின்மீது மிளகளவு குழி விழுந்தாலும் முகம், கை, கால் மூன்றும் ஒருபக்கமாகச் செயலிழக்கும். அதே அளவுக் குழி சற்றுத் தள்ளி விழுந்தால் ஒருபக்க மரத்துப்போதல் மட்டுமோ, நாக்குழறலும் கைத்தடுமாற்றமும் மட்டுமோ தோன்றும். இன்னும் சற்றுத் தள்ளி விழுந்தால் எதுவுமே தெரியாது. இரத்த அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இவ்வகைச் சிறுகுழல் அடைப்பால் வருவது என்பது ஒருபுறமிருக்க, பக்கவாதம் ஒருபோதும் வராத முதியோரை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் மூளையில் அவர் அறியாமலேயே விழுந்த குழிகள் காணப்பட்டுள்ளன என்பது தன்னார்வலர்கள் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி. 'ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்பவருக்கும் உள்ளே செய்திருக்கலாம்.

வெடித்தலைப் பற்றி 1868-இல் பாரிஸில் ஷார்கோ, பூஷார் என்னும் இரு மருத்துவர்கள் எழுதினர். மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்தோரின் சிறுதமனிகளில் தினையளவுப் புடைப்புகளைக் கண்டதாகவும், அவை உடைவதே கசிவுக்குக் காரணம் என்றும் அவர்கள் கருதினர். ஒவ்வொரு கசிவுக்கும் அத்தகைய புடைப்பே காரணமா என்பதில் பிற்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது உண்மை. ஆனால் உயர் அழுத்தத்தால் நேரும் கசிவு எந்தெந்த இடங்களில் நேர்கிறது என்பதில் வேறுபாடு இல்லை. அடைப்பு எங்கெங்கு நேர்கிறதோ, பெரும்பாலும் அதே ஆழ்பகுதிகளிலும், மூளைத்தண்டின் பொன்ஸ் என்னும் பகுதியிலும், சிறுமூளையிலும் அது நேர்கிறது. ஒரே நோயுற்ற குழல் ஒருவருக்கு அடைபடுகிறது, மற்றொருவருக்கு வெடிக்கிறது. சிலருக்குச் சில ஆண்டுகள் இடைவெளியில் இரண்டும் நிகழ்கின்றன.

வாசலில் நிற்கும் பணியாளருக்கு இதனால் எழும் கடமை ஒன்று உண்டு. திடீரென முகம் கோணியோ, கை விழுந்தோ, பேச்சு குழறியோ ஒருவரைக் கண்டால், அது அடைப்பா கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எத்துணை அனுபவமுள்ள மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே எங்கோ கேள்விப்பட்டதை நம்பி ஆஸ்பிரின் கொடுப்பதும், 'பிரஷர் ஏறிவிட்டது' என்று கூடுதல் மாத்திரையை விழுங்க வைப்பதும், நாக்கின் அடியில் வைப்பதும் அறவே கூடாதவை. விழுங்கும் ஆற்றலே குன்றியிருக்கக்கூடும் என்பதால் தண்ணீரோ சோடாவோ புகட்டுவதும் ஆபத்து. கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைப்பதே செய்ய வேண்டியது. அடைப்பாயின் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அந்த நேரக் குறிப்பு மருத்துவருக்கு மருந்தளவு மதிப்புடையது.

இதுவரை சொன்னவை தலைமடையின் சேதம். கடைமடையின் சேதமோ திடீர் நிகழ்ச்சியாக வருவதில்லை. அதனாலேயே அது நோயாக எண்ணப்படாமல் போகிறது. மூளையின் மேற்பரப்பில் சிந்தனைக்குரிய நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருளும், அதன் உள்ளே அவ்வணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பொருளும் உள்ளன. மின்கம்பியின்மீது ரப்பர் உறை இருப்பதுபோல அவ்விழைகளின்மீது மயலின் என்னும் கொழுப்புறை இருப்பதால்தான் செய்தி விரைந்து செல்கிறது. வெண்ணிறமும் அந்த உறையால் வந்ததே. நீண்டு மெலிந்த இழைக்குழல்கள் குறுகி, அவற்றின் சுவர் கசிந்து, ஓட்டம் தேவைக்குச் சற்றே குறைவாக ஆண்டுக்கணக்கில் நீடித்தால், நரம்பிழைகள் உடனே மடிவதில்லை. உறை முதலில் தேய்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இப்பகுதிகள் வெண்திட்டுகளாகத் தெரியும். 1987-இல் கனடிய நரம்பியலாளர் விளாடிமிர் ஹாச்சின்ஸ்கியும் அவருடைய உடனாய்வாளர்களும், வெண்பொருள் நெகிழ்ந்து போதல் என்னும் பொருளில் இதற்கு ஒரு கிரேக்கப் பெயரை இட்டனர்.

உறை தேய்ந்தால் அறிவு அழிவதில்லை, அறிவின் ஓட்டம் மந்தப்படுகிறது. மறதியை முதன்மையாகக் கொண்ட அல்சைமர் நோயிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. நேற்று யார் வந்தார்கள் என்பதும் பேரனின் பெயரும் நினைவில் இருக்கும். கேட்ட கேள்விக்கு விடையும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த விடை வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். இருபது பேரின் சீட்டுக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்த ஓர் அம்மா, யாரிடம் வாங்கியாயிற்று, யாருக்கு இந்த மாதம் தள்ளுபடி என்பதை வரிசைப்படுத்த இயலாமல் நோட்டையே மருமகளிடம் கொடுத்துவிடுவார். உலையில் அரிசியும் பக்கத்து அடுப்பில் குழம்புமாக ஒரே நேரத்தில் பார்த்தவர், ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று செய்யத் தொடங்குவார். கைப்பக்குவம் மாறியிருக்காது, ஒரே சமயத்தில் இரண்டைக் கவனிக்கும் திறனே குறைந்திருக்கும். நடையில் அடிகள் குறுகும், கால் தரையை உரசும், திரும்பும்போது ஒரே சுழற்சியில் திரும்பாமல் நாலைந்து சிற்றடிகளாக வைத்துத் திரும்புவார். சிறுநீர் வருகிறது என்று உணர்ந்த மாத்திரத்தில் ஓட வேண்டியிருக்கும், கால் ஓடாது. கோயில் திருவிழாவிலும் அரசியலிலும் ஆர்வம் காட்டியவர் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருப்பார். சிலர் காரணமின்றி எளிதில் கண் கலங்குவர். இவை ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தார் வைக்கும் பெயர் 'வயசாயிடுச்சு' என்பது. முதுமையோடு இவை வருவது உண்டு. ஆயினும் இந்த நான்கைந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்பட்டால், பல ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டுப்படுத்தப்படாத அழுத்தத்தை ஐயுறுவதே முறை.

சேதம் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை, மாத்திரை வேண்டாம் என்னும் நாற்பது ஐம்பது வயதினரிடம் சொல்லத் தக்கது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வில், 50 வயதில் மேல் அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தோருக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா என்னும் அறிவுத்தேய்வு நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. 60 வயதிலும் 70 வயதிலும் எடுத்த அளவுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. முதியோருக்கு அழுத்தம் பொருட்டன்று என்பது இதன் பொருளன்று. மூளையின் கணக்கு நடுவயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே பொருள். எழுபது வயது மாமனாருக்குத் தவறாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பார்க்க நேரமில்லை என்று அடுப்படிக்குத் திரும்பும் நாற்பத்தைந்து வயது மருமகளின் கையிலும் பட்டையைச் சுற்ற வேண்டியதற்கு இதுவே காரணம்.

அழுத்தத்தைக் குறைத்தால் மூளைக்கு நன்மை உண்டா என்பதும் சோதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9361 பேரைக் கொண்டு நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழ் வைப்பதும் 120-க்குக் கீழ் வைப்பதும் ஒப்பிடப்பட்டன. 2019-இல் வெளியான முடிவுகளின்படி, தீவிரமாகக் குறைக்கப்பட்டவர்களிடம் டிமென்ஷியாவுக்கு முந்திய நிலையான லேசான அறிவுக்குறைவு 19 விழுக்காடு குறைவாக ஏற்பட்டது. படமெடுக்கப்பட்டவர்களிடம் வெண்திட்டுகளின் வளர்ச்சியும் குறைவாக இருந்தது. டிமென்ஷியாவில் காணப்பட்ட குறைவோ புள்ளியியல் உறுதி பெறவில்லை. ஆய்வு திட்டமிட்டதைவிட முன்னதாகவே நிறுத்தப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்த உறுதியைத் தந்தது சீனாவின் நாட்டுப்புறங்களில் நடந்த ஆய்வு. 326 ஊர்களில் ஏறத்தாழ 34,000 பேரிடையே நிகழ்ந்து 2025-இல் வெளியான அதன் சிறப்பு, மருத்துவம் பார்த்தவர்கள் பெருமருத்துவமனை நிபுணர்கள் அல்லர் என்பதே. ஊர் மருத்துவப் பணியாளர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேற்பார்வையில், வரையறுக்கப்பட்ட மாத்திரைகளைக் கொடுத்து, வீட்டில் அழுத்தம் பார்க்கச் சொல்லித்தந்து, தொடர்ந்து பேசி வந்தனர். நான்கு ஆண்டுகளில், வழக்கமான கவனிப்பு பெற்ற ஊர்களைவிட அவர்கள் கவனித்த ஊர்களில் டிமென்ஷியா 15 விழுக்காடு குறைந்திருந்தது. வீட்டு வாசலில் நடக்கும் பணி மூளையைக் காக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை. பணிச்சுமையும் குறைந்த ஊக்கத்தொகையும் சோர்வு தரும் நாள்களில், இந்த ஆய்வை உங்கள் பணிக்கான மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் குறிப்பேட்டில் எழுதும் எண் சரியாக இருந்தால்தான் பயன்படும். சட்டைக் கையின்மேலோ இறுக்கமான ரவிக்கையின்மேலோ சுற்றிய பட்டை, தொங்கவிட்ட கை, குத்துக்காலிட்டோ கால்மேல் கால் போட்டோ அமர்ந்த நிலை, பருத்த கைக்குச் சிறிய பட்டை, அளக்கும்போதே மருமகளைப் பற்றிய பேச்சு, சற்றுமுன் குடித்த காபி, அடக்கி வைத்த சிறுநீர் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் ஒரு தலையணையின்மீது இளைப்பாற, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்தபின் எடுத்த அளவும், ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எடுத்த அளவும்தான் மருத்துவர் நம்பி மருந்தை மாற்றத் தக்கவை. நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கு அந்த ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடுகிறது என்பது அறியப்பட்ட குறையே. அக்கணக்கை வகுப்போர் அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து வகுக்க வேண்டும்.

மாத்திரை நின்றுபோவதற்கான காரணங்களை மக்கள் மறைப்பதில்லை, கேட்டால் சொல்வார்கள். அம்லோடிபின் சாப்பிடுவோரில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அஞ்சி அவர்கள் தாமே நிறுத்திவிடுவர். அது பெரும்பாலும் அந்த மருந்தின் பக்கவிளைவு என்றும், அளவைக் குறைத்தோ வேறு மருந்தோடு சேர்த்தோ சரிசெய்ய இயலும் என்றும் சொல்லி, மருத்துவ அலுவலரிடம் அனுப்பினால் போதும். 'நார்மல்' ஆகிவிட்டது என்று நிறுத்துவோர் அதைவிட மிகுதி. மாத்திரை சாப்பிடுவதால்தான் எண் 128 என்று நிற்கிறது. நிறுத்தினால் சில நாள்களில், அல்லது சில வாரங்களில், பழைய எண்ணே திரும்பும். மாத்திரை அழுத்தத்தை அடக்குகிறதே தவிர அதன் காரணத்தைக் களைவதில்லை. உப்பைப் பற்றிப் பேசும்போது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைச் சொல்வதோடு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையெனில் குழம்பில் மட்டும் உப்பைக் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்வதில் அதை ஈடுகட்டிவிடுவார்கள்.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. 1959-இல் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் லாசென் விளக்கியவாறு, சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60-க்கும் 150-க்கும் இடையில் எங்கிருந்தாலும் மூளையின் இரத்த ஓட்டம் ஒரே அளவாக இருக்கும்; ஆனால் நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளையில் இந்த எல்லைகள் இரண்டும் மேல்நோக்கி நகர்ந்துவிடுகின்றன. அத்தகையவருக்கு, பிறருக்கு இயல்பான ஓர் அழுத்தம்கூடத் திடீரென வந்தால் போதாமற்போகும். முதலில் காய்வது கடைமடையே. ஆகவே அழுத்தத்தைக் குறைப்பது வாரங்களில், மாதங்களில் படிப்படியாக நிகழ வேண்டும். விட்ட மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நாளில் விழுங்குவது தீங்கு. முதியோரிடம் அமர்ந்த நிலையில் அளந்தபின், எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்தும் மூன்று நிமிடம் கழித்தும் அளந்து, மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ தலை சுற்றினாலோ அதை அன்றே மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இம்மடல் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. அழுத்தத்தின் எண்ணோடு, அளக்கப்படுபவருடைய நடை, பேச்சின் வேகம், சிறுநீர் அவசரம் ஆகியவை ஆறு மாதத்துக்கு முன் இருந்ததிலிருந்து மாறியிருக்கின்றனவா என்பதையும் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதி வைக்கலாம். பேச்சையும் சிறுநீரையும் வீட்டுப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடைக்குக் கேள்வியே வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முதியவர் உள்ளறையிலிருந்து திண்ணைக்கு நடந்து வரும் அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிகளையும், நிலைப்படியைத் தாண்டும்போது கால் தூக்கும் உயரத்தையும், நாற்காலியில் அமர்வதற்காகத் திரும்பும் விதத்தையும், பையிலிருந்து பட்டையை எடுப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்தால் போதும்.